அச்சுப்படத்தில் அளக்கப்பட்ட பிரிதிறன்: படச்சுருளும் எண்ணிமக் கேமராவும் ஒப்பிடப்பட்ட வரலாறு (1948–2004)

ஆய்வுச்சுருக்கம்

35 மி.மீ. படச்சுருள் எத்தனை மெகாபிக்சலுக்கு நிகரானது என்ற வினாவுக்கு 6 முதல் 68 வரை விடைகள் சொல்லப்படக்கூடும். இவ்வேறுபாடு ஏன் எழுகிறது என்பதை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது. 2000ஆம் ஆண்டையொட்டி மூன்று மெகாபிக்சல் கேமராவின் அச்சுப்படங்கள் படச்சுருளின் அச்சுப்படங்களைவிட மேலானவை எனத் தீர்ப்பளிக்கப்பட்டன. பிரிதிறன் கணக்கின்படி அத்தீர்ப்பு சாத்தியமற்றது. ஆயினும் அதை விளக்கவல்ல கருத்தாக்கங்கள் 1952க்கும் 1972க்கும் இடையில் படச்சுருள் ஆய்வாளர்களாலேயே உருவாக்கப்பட்டிருந்தன என்பதும், ஒப்பீட்டில் வருடியின் பங்கு போதிய அளவு கருதப்படவில்லை என்பதும் இக்கட்டுரையின் வாதங்களாகும். தமிழ் நுண்படச்சுருள்களை எண்ணிமமாக்கும் பணிக்கு இவ்வரலாறு எவ்வகையில் தொடர்புடையது என்பதும் சுட்டப்படுகிறது.

திறவுச்சொற்கள்: பிரிதிறன், படச்சுருள், எண்ணிம ஒளிப்படம், அச்சுப்படம், குறுமணி, வருடி, நுண்படச்சுருள்

முன்னுரை

ஒளிப்படத் தொழில்நுட்ப வரலாற்றில் 1999 முதல் 2004 வரையிலான காலம் குறுகியது. ஆனால் மாற்றம் மிகுந்தது. 1999இல் நிக்கான் நிறுவனம் 2.7 மெகாபிக்சல் கொண்ட டி1 கேமராவை வெளியிட்டது. 2004 சனவரியில் கோடக் நிறுவனம் அமெரிக்கா, கனடா, மேற்கு ஐரோப்பா ஆகிய சந்தைகளில் படச்சுருள் மாற்றிப் பயன்படுத்தும் கேமராக்களின் விற்பனையை நிறுத்துவதாக அறிவித்தது. இவ்விரு நிகழ்வுகளுக்கும் இடைப்பட்ட ஐந்தாண்டுகளில், ஒளிப்படக் கலைஞர்களிடையே பெரிதும் விவாதிக்கப்பட்ட பொருள் ஒன்றே: சுவரில் மாட்டும் அச்சுப்படத்தில் எது அதிக விவரத்தைக் காட்டுகிறது?

இவ்விவாதத்தைப் பற்றிய பிற்கால எழுத்துகள் பெரும்பாலும் இரு வகையாக அமைகின்றன. எண்ணிமத் தொழில்நுட்பம் படிப்படியாக வளர்ந்து படச்சுருளின் பிரிதிறனை எட்டிப்பிடித்து வென்றது என்பது ஒரு வகை. படச்சுருள் இன்றும் மேலானது, வணிகமே அதை வீழ்த்தியது என்பது மற்றொன்று. இரண்டுமே பிரிதிறன் என்பது ஒற்றை எண்ணால் குறிக்கத்தக்க, ஐயத்திற்கு இடமற்ற அளவு என்று எடுத்துக்கொள்கின்றன. அவ்வெடுகோள் நிலைநிற்பதன்று.

கோட்டிணையும் தரவுத்தாளும்

படச்சுருளின் பிரிதிறன் மரபாக மில்லிமீட்டருக்கு எத்தனை கோட்டிணைகள் என்ற அலகால் அளக்கப்பட்டது. ஒரு கருங்கோடும் அதையடுத்த வெண்கோடும் சேர்ந்தது ஒரு கோட்டிணை. அமெரிக்க விமானப்படையின் 1951ஆம் ஆண்டுச் சோதனை அட்டை இவ்வளவீட்டின் நன்கறியப்பட்ட கருவி. மூன்று மூன்று பட்டைகளாகச் சிறுத்துக்கொண்டே செல்லும் அவ்வடிவங்களைப் படமெடுத்து, கண்ணால் பிரித்தறியக்கூடிய கடைசித் தொகுதி எது என்று பார்ப்பதே முறை. வான்வழி ஒளிப்படத்தில் ஒரு பாலத்தையோ ஓடுபாதையையோ அடையாளம் காணவேண்டிய தேவையிலிருந்து பிறந்த அளவுகோல் இது என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். பார்ப்பதற்கு இனிய அச்சுப்படம் அதன் நோக்கமாக இருந்ததில்லை.

படச்சுருள் நிறுவனங்கள் தம் தரவுத்தாள்களில் இரண்டு எண்களைத் தந்தன. கோட்டுக்கும் பின்புலத்துக்கும் இடையிலான ஒளிமாறுபாடு 1000:1 ஆக இருக்கும்போது கிடைக்கும் பிரிதிறன் ஒன்று, 1.6:1 ஆக இருக்கும்போது கிடைப்பது மற்றொன்று. ஃபியூஜி நிறுவனத்தின் புரோவியா 100எஃப் என்ற ஸ்லைடு படச்சுருளுக்கு இவை முறையே 140, 60 கோட்டிணைகள். அதே நிறுவனம் 1990இல் வெளியிட்ட வெல்வியாவுக்கு 160, 80.

இவ்வெண்களைப் பிக்சல்களாக மாற்றிப் பார்ப்போம். ஒரு கோட்டிணையைப் பதிவுசெய்யக் குறைந்தது இரண்டு பிக்சல்கள் தேவை. 36 × 24 மி.மீ. சட்டகத்தில் 60 கோட்டிணை எனில் 4320 × 2880, அதாவது ஏறத்தாழ 12.4 மெகாபிக்சல். 140 கோட்டிணை எனில் 10080 × 6720, அதாவது ஏறத்தாழ 68 மெகாபிக்சல். ஒரே படச்சுருள், ஒரே தரவுத்தாள், ஐந்து மடங்குக்கும் மேலான வேறுபாடு. இலைகளும் தோலும் துணியும் நிறைந்த உலகில் நுண்விவரங்களின் ஒளிமாறுபாடு 1000:1 ஆக இருப்பது அரிது. வெண்தாளில் கரிய எழுத்து, வானத்தின் எதிரில் மரக்கிளை போன்றவையே அதை நெருங்குவன. எனவே பெரிய எண்ணை மேற்கோள் காட்டியவர்களும் சிறிய எண்ணை மேற்கோள் காட்டியவர்களும் பொய் சொல்லவில்லை. வெவ்வேறு உலகங்களைப் படமெடுத்தார்கள் என்றே கொள்ளவேண்டும்.

இதனுடன் லென்சின் குறையும் சேரும். லென்சும் படச்சுருளும் தனித்தனியே கொண்ட பிரிதிறன்களின் தலைகீழிகளைக் கூட்டினால் இரண்டும் சேர்ந்த அமைப்பின் பிரிதிறனுடைய தலைகீழி தோராயமாகக் கிடைக்கும். 100 கோட்டிணை பிரிக்கும் நல்ல லென்சுடன் 140 கோட்டிணைப் படச்சுருள் சேரும்போது கிடைப்பது 58 மட்டுமே. 60 கோட்டிணை எனக் கொண்டால் 37.5. என்லார்ஜரின் லென்ஸ் இதிலிருந்தும் சிறிது குறைக்கும்.

தொலைக்காட்சி தந்த அளவுகோல்

மின்னணுப் படத்தையும் படச்சுருளையும் ஒரே அளவுகோலால் அளக்கவேண்டும் என்ற தேவை எண்ணிமக் கேமராவோடு பிறந்ததன்று. அது தொலைக்காட்சியோடு பிறந்தது. அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனத்தில் பொறியாளராக இருந்த ஓட்டோ ஷேட் 1948 முதல் வெளியிட்ட கட்டுரைகளில், லென்ஸ், படச்சுருள், தொலைக்காட்சிக் குழாய், கண் ஆகிய அனைத்தையும் ஒரே சங்கிலியின் கண்ணிகளாகக் கருதினார். நுண்மை கூடக்கூட ஒவ்வொரு கண்ணியிலும் ஒளிமாறுபாடு எவ்வளவு குறைகிறது என்பதை ஒரு வளைகோடாக வரைந்தால், அவ்வளைகோடுகளைப் பெருக்கி முழு அமைப்பின் தரத்தைப் பெறலாம் என்பது அவருடைய அணுகுமுறை. இன்று ஒளியியலாளர் பயன்படுத்தும் பண்பேற்றக் கடத்தல் சார்பின் அடிப்படை இதுவே.

இவ்வணுகுமுறையின் விளைவு ஆழமானது. பிரிதிறன் என்பது வளைகோட்டின் கடைசி முனை மட்டுமே ஆகிவிடுகிறது. முனைக்கு முன்னுள்ள பகுதி எப்படி இருக்கிறது என்பதுதான் பார்ப்பவரின் கண்ணுக்கு முதன்மையானது.

படச்சுருள் உலகிலும் இதே உண்மை வேறுவழியில் கண்டறியப்பட்டது. கோடக் ஆய்வகத்தைச் சேர்ந்த ஹிக்கின்ஸ், ஜோன்ஸ் இருவரும் 1952இல் வெளியிட்ட ஆய்வில், பார்வையாளர்கள் கூர்மையானவை எனத் தேர்ந்தெடுத்த படங்களுக்கும் பிரிதிறன் எண்ணுக்கும் நல்ல பொருத்தம் இல்லை என்று காட்டினர். கத்திமுனை போன்ற ஒரு விளிம்பில் இருளிலிருந்து ஒளிக்கு மாறும் சரிவு எவ்வளவு செங்குத்தானது என்பதே கூர்மை உணர்வோடு பொருந்தியது. இருபதாண்டுகள் கழித்து, 1972இல், அதே நிறுவனத்தைச் சார்ந்த கிரேஞ்சர், குப்பெரி இருவரும் இன்னும் ஒரு படி சென்றனர். கண் எந்த நுண்மையில் மிகுந்த உணர்திறன் கொண்டதோ அந்த நுண்மைப் பகுதியில் மட்டும் வளைகோட்டின் பரப்பைக் கணக்கிட்டால், அவ்வெண் பார்வையாளரின் தரத் தீர்ப்போடு நன்கு ஒத்துப்போகிறது என்பது அவர்கள் கண்டது. அதை அகநிலைத் தரக் காரணி என அழைத்தனர்.

இவ்வாய்வு அச்சுப்படத்தை மையமாகக் கொண்டது என்பதே நமக்கு முதன்மையானது. ஒரு படம் எவ்வளவு பெரிதாக்கப்பட்டு எவ்வளவு தொலைவிலிருந்து பார்க்கப்படுகிறது என்பதைச் சொல்லாமல் அக்காரணியைக் கணக்கிடவே இயலாது.

இருபது இலட்சம் பிக்சல்

1975இல் கோடக் நிறுவனத்தின் பொறியாளர் ஸ்டீவன் சாசன் உருவாக்கிய கேமரா 100 × 100 பிக்சல் கொண்டது. ஒரு படத்தைக் காந்த நாடாவில் பதிவுசெய்ய 23 விநாடிகள் ஆயின. இது எப்போது படச்சுருளுக்குப் போட்டியாகும் என்று மேலாளர்கள் கேட்டதையும், 110 வகைப் படச்சுருளின் தரத்தை எட்ட ஏறத்தாழ இருபது இலட்சம் பிக்சல்கள் வேண்டும் என மதிப்பிடப்பட்டதையும், அதற்குப் பதினைந்து முதல் இருபது ஆண்டுகள் ஆகும் எனத் தாம் கணித்ததையும் சாசன் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

110 வகைச் சட்டகம் 17 × 13 மி.மீ. அளவுடையது. இருபது இலட்சம் பிக்சலை அப்பரப்பில் பரப்பினால் மில்லிமீட்டருக்கு 95 பிக்சல் வருகிறது. அதே செறிவை 35 மி.மீ. சட்டகத்துக்கு விரித்தால் ஏறத்தாழ 7.8 மெகாபிக்சல். இதனை 1990இல் அறிவிக்கப்பட்டு 1992இல் சந்தைக்கு வந்த கோடக் போட்டோ சி.டி.யோடு ஒப்பிடுவது பயனுடையது. படச்சுருளை வருடி வட்டில் பதிந்து தரும் அத்திட்டத்தில், 35 மி.மீ. சட்டகத்துக்கு வழங்கப்பட்ட மிகப்பெரிய வழக்கமான அளவு 3072 × 2048, அதாவது 6.3 மெகாபிக்சல். தொழில்முறையாளர்க்கென இதனினும் பெரிய அளவொன்று தனியே இருந்தது. ஆயினும் பொதுப் பயன்பாட்டுக்கு ஆறு மெகாபிக்சல் போதும் என்பதே படச்சுருளை உருவாக்கிய நிறுவனமே எடுத்த முடிவு. 1976ஐயொட்டிய மதிப்பீடும் 1990இன் முடிவும் ஒன்றையொன்று நெருங்குவது தற்செயலாகத் தோன்றவில்லை. தரவுத்தாளின் பெரிய எண்ணை நிறுவனம் விளம்பரத்துக்கு வைத்துக்கொண்டு, அச்சுப்படத்துக்கு வேறொரு கணக்கைக் கையாண்டது எனலாம்.

1995இல் கோடக் வெளியிட்ட டி.சி.எஸ். 460 கேமராவின் அளவு 3060 × 2036. 2003இல் கேனான் நிறுவனம் அமெரிக்காவில் ஆயிரம் டாலருக்குக் குறைந்த விலையில் விற்ற ஈ.ஓ.எஸ். 300டி கேமராவின் அளவு 3072 × 2048. போட்டோ சி.டி.யின் எண்களோடு இவை ஒத்திருப்பதைக் காணும்போது, எண்ணிமக் கேமரா எட்டவேண்டிய இலக்கைப் படச்சுருள் தொழிலே முன்கூட்டி வரைந்து வைத்திருந்ததாகத் தோன்றுகிறது. ஒரு வேறுபாட்டை மட்டும் இங்குக் குறிப்பிடவேண்டும். போட்டோ சி.டி.யில் ஒவ்வொரு பிக்சலும் மூன்று நிறங்களையும் அளந்தது. கேமராவிலோ, கோடக்கின் பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற வடிவமைப்பின்படி, பாதிப் பிக்சல்கள் பச்சையையும் கால்வாசி சிவப்பையும் கால்வாசி நீலத்தையும் மட்டுமே அளந்தன. எஞ்சியவை அண்டைப் பிக்சல்களிலிருந்து கணித்து நிரப்பப்பட்டன.

அச்சுப்படத்தின் அளவே பிரிதிறனின் பெயராக மாறியதும் இக்காலத்தில்தான். 1986இல் கோடக் உருவாக்கிய 1.4 மெகாபிக்சல் உணரி, 5 × 7 அங்குல அச்சுப்படத்துக்குப் போதுமானது என அறிமுகம் செய்யப்பட்டது. 35 சதுர அங்குலத்தில் 14 இலட்சம் எனில் அங்குலத்துக்கு 200 பிக்சல். பின்னர் வந்த ஃபியூஜி ஃபிரான்டியர் போன்ற லேசர் அச்சு இயந்திரங்கள் அங்குலத்துக்கு 300 புள்ளிகளில் அச்சிட்டபோது, ‘ஒளிப்படத் தரம்’ என்ற சொல்லின் பொருள் சந்தடியின்றி 200இலிருந்து 300க்கு உயர்ந்தது.

300 என்ற எண்ணுக்கு உடலியல் அடிப்படை உண்டு. நல்ல பார்வையுடையவர் ஒரு கோண நிமிடத்தைப் பிரித்தறிவார். 25 செ.மீ. தொலைவில் அது 0.073 மி.மீ.; கோட்டிணைக் கணக்கில் மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 7. அங்குலத்துக்கு 300 பிக்சல் என்பது மில்லிமீட்டருக்கு 6 கோட்டிணைகளுக்குச் சற்றுக் குறைவு.

2000: மூன்று மெகாபிக்சலின் தீர்ப்பு

2000ஆம் ஆண்டின் பிற்பகுதியில் கேனான் டி30 வெளிவந்தது. 2160 × 1440 பிக்சல். உணரியின் அளவு 22.7 × 15.1 மி.மீ. டொராண்டோவைச் சேர்ந்த ஒளிப்படக் கலைஞர் மைக்கேல் ரைக்மன் இக்கேமராவையும், வருடி அச்சிட்ட புரோவியா 100எஃப் படச்சுருளையும் ஒப்பிட்டு, டி30இன் அச்சுப்படங்களே மேலானவை என எழுதினார். நிலக்காட்சிக் கலைஞர்களிடையே மதிப்புப் பெற்றிருந்த அவருடைய கூற்று கடும் எதிர்ப்பையும் ஏற்பையும் ஒருங்கே சந்தித்தது.

பிரிதிறன் கணக்கின்படி பார்த்தால் எதிர்ப்பாளர்களே சரி. 8 × 10 அங்குல அச்சை எடுத்துக்கொள்வோம். டி30இன் 1440 பிக்சல் 8 அங்குலத்தில் பரவும்போது அங்குலத்துக்கு 180 பிக்சல், அதாவது மில்லிமீட்டருக்கு அதிகபட்சம் 3.5 கோட்டிணை. படச்சுருளின் 24 மி.மீ. அகலம் 8 அங்குலமாக வேண்டுமெனில் 8.5 மடங்கு பெரிதாக்கம் தேவை. முன்னர்க் கண்ட 37.5 கோட்டிணையை 8.5ஆல் வகுத்தால் 4.4, 58ஐ வகுத்தால் 6.9. மிகக் குறைந்த ஒளிமாறுபாட்டிலும் படச்சுருளே முந்துகிறது. அப்படியானால் கண் ஏன் மாற்றிச் சொன்னது?

பார்த்தவரின் சார்பு என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் டி30ஐத் தொடர்ந்த சில ஆண்டுகளில் எண்ணற்ற தொழில்முறைக் கலைஞர்கள் தம் சொந்த அச்சுப்படங்களைப் பார்த்து இதே முடிவுக்கு வந்து, ஆயிரக்கணக்கான டாலர் செலவிட்டுக் கேமராக்களை மாற்றிக்கொண்டனர். அத்தனை பேரையும் ஏமாந்தவர்களாகக் கொள்வது வரலாற்றெழுதியலுக்கு ஏற்புடைய விளக்கமாகாது.

விடை 1952, 1972 ஆய்வுகளில் ஏற்கெனவே இருந்தது. மனிதக் கண்ணின் மாறுபாட்டு உணர்திறன் ஒரு பாகைக் கோணத்துக்குச் சில சுற்றுகள் என்ற அளவில் உச்சத்தை அடைகிறது. அதற்கு மேல் விரைந்து சரிகிறது. 25 செ.மீ. தொலைவில் ஒரு பாகை என்பது 4.4 மி.மீ. எனவே கண் மிகக் கூர்ந்து கவனிக்கும் நுண்மை, அச்சுப்படத்தில் மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கோட்டிணை. இதைப் பின்னோக்கிக் கணக்கிட்டால் படச்சுருளின் மேல் 8.5 கோட்டிணை, 13 மடங்குக்கு மேல் பெரிதாக்கப்படும் டி30 உணரியின் மேல் ஏறத்தாழ 13 கோட்டிணை. இரண்டுமே அந்தந்த அமைப்பின் எல்லைக்கு வெகுவாக உட்பட்டவை. அங்கே எண்ணிமப் படத்தின் ஒளிமாறுபாட்டைக் கணினியில் கூர்மைப்படுத்தி உயர்த்துவது எளிது. படச்சுருளை வருடிய படத்திலும் அதைச் செய்யலாமே என்ற கேள்வி எழும். செய்தால் குறுமணியும் சேர்ந்து கூர்மையடைகிறது.

இங்குதான் குறுமணி வருகிறது. கோடக்கின் பிரித்தானிய ஆய்வகத்தில் செல்வின் 1935இல் நிறுவிய முறையின் வழிவந்ததே படச்சுருள் தரவுத்தாளில் இடம்பெறும் குறுமணியளவு எண். 48 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள துளையின் வழியே, சீராக ஒளிபடிந்த படச்சுருளின் அடர்த்தி இடத்துக்கு இடம் எவ்வளவு ஏறியிறங்குகிறது என்பதை அளப்பது அம்முறை. 8.5 மடங்கு பெரிதாக்கினால் அத்துளை அச்சுப்படத்தில் 0.4 மி.மீ. ஆகிறது. கண்ணின் உணர்திறன் மிகுந்த பகுதியில் அது விழுகிறது. நீல வானத்திலும் கன்னத்தின் மென்மையிலும் படச்சுருள் தன் சொந்த உருவத்தைச் சேர்த்து அச்சிட்டது. டி30இன் வானமோ வெறும் வானமாக இருந்தது. பார்வையாளர் நுண்விவரங்களைக் கணக்கெடுக்கவில்லை. விவரத்துக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதத்தைத் தம்மையறியாமல் மதிப்பிட்டனர்.

2002இன் இறுதியில் 11 மெகாபிக்சல் கேனான் 1டிஎஸ் வெளிவந்தபோது ரைக்மன் அதைப் பென்டாக்ஸ் 67 கேமராவின் நடுத்தர அளவுப் படச்சுருளோடு ஒப்பிட்டு மீண்டும் எண்ணிமத்துக்கே வெற்றி தந்தார். 55 × 70 மி.மீ. சட்டகத்தில் 60 கோட்டிணை எனில் 55 மெகாபிக்சல். ஐந்து மடங்கு முரண். இதை இரைச்சல் வாதத்தால் மட்டும் விளக்குவது கடினம் என்பது என் கருத்து. பெரிய சட்டகம் குறைவாகவே பெரிதாக்கப்படுவதால் அதன் குறுமணியும் அடங்கியே தெரியும். இங்கு வேறொரு காரணத்தைத் தேடவேண்டியுள்ளது.

வருடியின் பங்கு

இவ்வொப்பீடுகளில் படச்சுருள் நேரடியாக அச்சிடப்படவில்லை. அது வருடியில் வருடப்பட்டு, பிக்சல்களாக மாறி, பின்னரே அச்சுக்குச் சென்றது. மேசை வருடிகளின் செறிவு 1990களின் இறுதியில் அங்குலத்துக்கு 2700 பிக்சல். 2001இல் நிக்கான் வெளியிட்ட வருடியில் 4000. கோட்டிணையாக மாற்றினால் மில்லிமீட்டருக்கு முறையே 53, 79. புரோவியாவின் 140 கோட்டிணை எத்தனை உண்மையானதாக இருந்தாலும் இக்கதவுகளின் வழியே நுழைய இயலாது. வருடியின் லென்ஸ் மேலும் சிறிது பறித்துக்கொள்ளும். உருளை வருடியில் வருடியிருந்தால் முடிவு மாறியிருக்கும் என 2002இல் பலர் வாதிட்டதற்கு இதுவே அடிப்படை.

வருடி விவரத்தைக் குறைத்ததோடு நிற்கவில்லை. குறுமணியைப் பெருக்கவும் செய்தது. 4000 செறிவில் ஒரு பிக்சல் 6.35 மைக்ரோமீட்டர். படச்சுருளின் சாய முகில்கள் இதனினும் சிறியவையாக இருக்கும்போது, மாதிரியெடுப்பின் எல்லைக்கு அப்பாற்பட்ட நுண்மை, பெரிய மணிகளாக வேடமிட்டுத் திரும்பி வருகிறது. என்லார்ஜரின் கீழ் எடுத்த அச்சில் தெரியாத சொரசொரப்பு, வருடிய அச்சில் தெரிந்ததற்கு இது ஒரு காரணம். ஆகவே 2000–2002 ஒப்பீடுகளை ‘படச்சுருளும் எண்ணிமமும்’ என அழைப்பது முழுப் பொருத்தமன்று. ஒருமுறை மாதிரியெடுக்கப்பட்ட ஒளிக்கும், இருமுறை பதிவான ஒளிக்கும் இடையிலான ஒப்பீடுகள் அவை.

இக்குறையைச் சுட்டி அவ்வொப்பீடுகளைச் செல்லாதவை எனத் தள்ளுவோர் உண்டு. அதை ஏற்பதற்கில்லை. ஏனெனில் அக்காலத்தில் அச்சுப்படம் உண்மையில் அவ்வாறே உருவானது. 1996இல் அறிமுகமான ஃபியூஜி ஃபிரான்டியர், வாடிக்கையாளரின் படச்சுருளை வருடி, லேசர் கதிரால் வெள்ளி உப்புத் தாளில் எழுதியது. இவ்வகை இயந்திரங்கள் கலர் லேப்களில் பரவியபின், தாம் படச்சுருளிலேயே எடுத்து அச்சிடுவதாக எண்ணியிருந்த குடும்பங்களின் திருமணப் படங்களும் பிறந்தநாள் படங்களும் பிக்சல்களின் வழியே வந்தவையே. கலைஞர் கேமராவை மாற்றும் முன்பே கலர் லேப் மாறிவிட்டது. படச்சுருளின் கூடுதல் விவரம் அதன்பின் நெகட்டிவில் மட்டும் தங்கி, அச்சுக்கு வராமலே போயிற்று. படச்சுருளின் வீழ்ச்சியை உணரிகளின் பிக்சல் எண்ணிக்கையால் மட்டும் விளக்கும் நூல்கள் இந்நிகழ்வுக்கு உரிய இடம் தருவதில்லை.

மெய்யெழுத்தின் புள்ளி

இவ்வரலாறு தமிழாய்வாளரை நேரடியாகத் தொடும் இடம் ஒன்று உண்டு. சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் 1990கள் முதல் பழந்தமிழ் அச்சு நூல்களையும் இதழ்களையும் நுண்படச்சுருளில் பதிந்து காத்துவந்துள்ளது. இத்தகைய சுருள்களை எண்ணிமமாக்கும்போது எவ்வளவு செறிவு போதும் என்ற வினா எழும். ‘35 மி.மீ. படச்சுருள் ஆறு மெகாபிக்சலுக்கு நிகர்’ என்ற புழக்கத்திலுள்ள விடையை இங்குப் பொருத்தினால் என்ன ஆகும்?

பன்னிரண்டில் ஒரு பங்காகக் குறுக்கிப் படமெடுக்கப்பட்ட ஒரு பக்கத்தில், எழுத்தின் உயரம் ஒரு மில்லிமீட்டர் என்றும் மெய்யெழுத்தின் மேலுள்ள புள்ளியின் விட்டம் 0.3 மி.மீ. என்றும் கொள்வோம். சுருளில் புள்ளி 0.025 மி.மீ. ஆகிறது. போட்டோ சி.டி.யின் செறிவான மில்லிமீட்டருக்கு 85 பிக்சலில் வருடினால் புள்ளிக்குக் கிடைப்பது இரண்டு பிக்சல், எழுத்துக்கு ஏழு. ‘ன’கரத்தின் சுழிகளும் ‘ண’கரத்தின் சுழிகளும் ஏழு பிக்சல் உயரத்தில் கலங்கிப்போகும். 4000 செறிவில் புள்ளிக்கு நான்கு பிக்சல். புள்ளி விடுபட்டால் மெய், உயிர்மெய்யாக வாசிக்கப்படும். எந்திர எழுத்துணரிக்கு மட்டுமன்றிப் பதிப்பாசிரியருக்கும் அது பாடவேறுபாடாகவே தோன்றும். மேலும், பழைய நூல்கள் பலவற்றில் புள்ளி இயல்பாகவே மங்கி அச்சாகியிருப்பதால், அச்சகம் விட்ட புள்ளி எது, வருடி விழுங்கிய புள்ளி எது என்று பிரித்தறிய வழியிராது.

ஆறு மெகாபிக்சல் என்ற எண் குறைந்த ஒளிமாறுபாடுடைய காட்சிகளை, கைக்கெட்டும் தொலைவில் பார்க்கும் அச்சுப்படத்துக்காக மதிப்பிட்டதிலிருந்து வந்தது. வெண்தாளில் கரிய எழுத்தோ தரவுத்தாளின் மற்றொரு பத்தியை, 1000:1 என்ற பத்தியைச் சேர்ந்தது. அங்கே குறுமணி ஒரு பொருட்டன்று. கண்ணுக்கு இனிமையும் தேவையன்று. 1951ஆம் ஆண்டு அட்டையின் பட்டைகளைப் போலப் பிரித்தறிவதே தேவை. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1956 முதல் தொகுத்த கோயில் ஒளிப்படங்களின் கறுப்பு வெள்ளை நெகட்டிவ்கள் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டவை: சிற்பத்தின் நிழல்களுக்கு ஒரு கணக்கும், அதே சட்டகத்தில் அடித்தளத்தில் மங்கலாகத் தெரியும் கல்வெட்டு வரிகளுக்கு வேறொரு கணக்கும் பொருந்தும்.

எனவே எண்ணிமமாக்கப்பட்ட சுருள் ஒன்றின் விவரக் குறிப்பில் பிக்சல் எண்ணிக்கையை மட்டும் பதிவது போதாது. குறுக்க விகிதம், வருடிய செறிவு, வருடியின் வகை, சோதனை அட்டை ஒன்று அதே அமைவில் வருடப்பட்டதாயின் அதில் பிரிந்து தெரிந்த கடைசித் தொகுதி ஆகியவையும் இடம்பெறவேண்டும். அவை இல்லாத கோப்பைக் காரணமாகக் காட்டி மூலச் சுருளை அகற்றும் முடிவை எந்த நூலகமும் எடுத்தல் கூடாது.